வெனிஸில் கூகுள் மேப்பை விட எனக்கு உதவிய சில சொற்கள்

வணக்கம் மக்களே. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் ஒரு பாலம் ஏறி இறங்கினேன். வெறுங்கையோடு வந்தே இப்படி என்றால், முந்தாநாள் பதினெட்டுக் கிலோ சூட்கேஸோடு என்ன பாடுபட்டிருப்பேன் பாருங்கள்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெனிஸில் சாந்தா லுச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ரோடு கிடையாது. அகலமான படிக்கட்டு, அதற்குக் கீழே நேராகத் தண்ணீர். டாக்ஸி என்றால் படகு. ஆம்புலன்ஸும் படகு, குப்பை வண்டியும் படகு. கார், பஸ் எல்லாம் பக்கத்திலேயே பியாஸாலே ரோமா என்ற இடத்தோடு நின்றுவிடும். நகருக்குள் சைக்கிள்கூட ஓட்டக்கூடாது.

நான் தங்கவேண்டிய இடம் ‘நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை’ என்று போட்டிருந்தது. பத்து நிமிடம்தானே என்று சூட்கேஸை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நடுவில் எத்தனை பாலம், பாலத்துக்கு எத்தனை படி என்று யாரும் போடவில்லை. முகவரியில் இருந்த தெருவின் பெயர் கால்லே தெல் ஃபோர்னோ. கூகுள் மேப்பில் அடித்தேன், காட்டியது, போனேன். தெரு இருந்தது, பெயரும் சரி, ஆனால் அந்தக் கதவு எண் மட்டும் இல்லை. முன்னும் பின்னுமாக நாலு முறை நடந்தேன். சக்கரம் கல்லில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டு மாடி ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. கடைசியில், காய்கறிக் கூடையோடு வந்த ஒரு பாட்டி என் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “எந்த செஸ்தியேரே?”

இதுதான் முதல் சொல். வெனிஸ் நகரத்தை ஆறு பேட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: கன்னரேஜோ, காஸ்தெல்லோ, சான் மார்க்கோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா க்ரோச்சே. ஒவ்வொன்றும் ஒரு செஸ்தியேரே. கதவு எண் தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து ஆரம்பிக்காது. பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசை. காஸ்தெல்லோவில் எண் ஆறாயிரத்தைத் தாண்டிப் போகும். அதனால் இங்கே முகவரி என்றால் ‘காஸ்தெல்லோ, இத்தனை’ என்றே எழுதுவார்கள், தெருப் பெயர் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஃபோர்னோ என்றால் ரொட்டி சுடும் அடுப்பு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பேட்டையிலும் ரொட்டிக்காரர் இருந்திருப்பார் அல்லவா? அதனால் ஊர் முழுக்க ‘அடுப்புச் சந்து’கள். நான் நின்றது வேறு பேட்டையின் அடுப்புச் சந்து!

அறை முன்பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்தப் படகுத்துறை பக்கம், வழியில் எத்தனை பாலம் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். தூரத்தைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

சரி, கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறேன். அந்த வெள்ளைச் சதுரம் தெரிகிறதா? சுவரில் சுண்ணாம்பு பூசி, கறுப்புக் கரை கட்டி, நடுவில் பெயர் எழுதியிருக்கிறார்கள். இதற்கு நிசியொலேத்தோ என்று பெயர். குட்டிப் படுக்கை விரிப்பு என்று அர்த்தம். கொடியில் காயப்போட்ட துணி மாதிரிதான் இருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஊர் கைக்குள் வந்துவிடும். கால்லே என்றால் சந்து. ஃபொந்தமெந்தா என்றால் கால்வாயை ஒட்டிய கரைப் பாதை. காம்போ என்றால் திடல். பியாஸா என்ற பெயர் சான் மார்க்கோ சதுக்கம் ஒன்றுக்குத்தான், மற்றதெல்லாம் காம்போதான். சொத்தோபோர்தெகோ என்று போட்டிருந்தால் வீட்டுக்கு அடியில் குனிந்து போகிற வழி. கோர்தே என்றால் முற்றம், பெரும்பாலும் முட்டுச்சந்து, சூட்கேஸோடு நுழையாதீர்கள்.

எனக்குப் பிடித்த சொல் ரியோ தெரா. ரியோ என்றால் சின்னக் கால்வாய், அதை மண் போட்டு மூடித் தெருவாக்கியது ரியோ தெரா. அதனால் அது அகலமாக, சமமாக இருக்கும். பெட்டி படுக்கையோடு வருகிறவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்தாலே நிம்மதி.

மஞ்சள் பலகைகளும் இருக்கின்றன. ‘பெர் ரியால்டோ’ என்றால் ரியால்டோ பாலத்துக்குப் போகும் வழி, ‘பெர் சான் மார்க்கோ’ என்றால் சான் மார்க்கோவுக்கு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் சில முனைகளில் ஒரே இடத்துக்கு இடது பக்கமும் அம்பு, வலது பக்கமும் அம்பு. கிண்டல் இல்லை, இரண்டு வழியிலும் போகலாம்.

இருங்கள், ஓரம் ஒதுங்குகிறேன். “ஒச்சோ! ஒச்சோ!” கேட்டதா? ஒச்சோ என்றால் வெனிஸ் பேச்சில் கண். பார்த்துப் போ, வழி விடு என்று அர்த்தம். கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோகிற கைவண்டிக்காரர் அவர். வண்டியைப் பாருங்கள், பெரிய சக்கரம் இரண்டு, முன்னால் நீட்டிக்கொண்டு சின்னச் சக்கரம் இரண்டு. சின்னதை மேல் படியில் ஊன்றிக்கொண்டு பெரியதைத் தூக்கி ஏற்றுகிறார். அடுத்த படி, மறுபடியும் அதே. பாலம் முழுக்க இப்படித்தான். இந்த ஊர் சாப்பிடும் தண்ணீர் பாட்டில், மாவு மூட்டை எல்லாம் படகில் வந்து, அப்புறம் இப்படிப் படியேறித்தான் போகிறது. அதனால் பாலத்து உச்சியில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் மீது உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் தப்பே இல்லை. சந்தில் வலது பக்கமாக நடங்கள், நிற்பதென்றால் ஓரமாக நில்லுங்கள்.

இப்போது படகு. நம்மூர் பஸ் மாதிரி இங்கே ஓடுவது வப்போரெட்டோ. ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஆமாம், ஒரு தடவைக்கு. ஒரு நாள் பாஸ் 25 யூரோ, மூன்று நாளுக்கு 45. பாஸ் எடுப்பதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள். ஊர் சின்னது, நிலையத்திலிருந்து சான் மார்க்கோவுக்கு நடந்தே அரை மணிக்கு மேல் கொஞ்சம்தான் ஆகும். முரானோ, புரானோ தீவுகளுக்குப் போகிற நாளில் பாஸ் லாபம். மற்ற நாளில் எனக்குக் கால் போதும்.

ஆனால் ஒரு முறையாவது ஒன்றாம் நம்பர் படகில் ஏறுங்கள். கிராண்ட் கனால் கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர், ஊரை வளைந்து வளைந்து வெட்டிக்கொண்டு போகிறது. ஒன்றாம் நம்பர் அதில் துறைக்குத் துறை நின்று போகும். துறை என்பது மிதக்கும் மேடை, நாம் நிற்கும்போதே காலடியில் லேசாக ஆடும். படகு வந்து மேடையில் மொத்தென்று இடிக்கும். உடனே ஒரு பணியாளர் கயிற்றை வீசி இரும்பு முளையில் ஒரு சுற்றுச் சுற்றுவார், கயிறு இறுகி முறுமுறு என்று சத்தம் போடும், அப்புறம் தடுப்பைத் தள்ளித் துறையின் பெயரைச் சொல்வார். இறங்குகிறவர்களுக்கு வழி விட்டுவிட்டு ஏறுங்கள். ஏறும் முன் டிக்கெட்டை மெஷினில் காட்ட மறக்காதீர்கள், மறந்தால் அபராதம்.

சின்னத் துறைகளில் இரண்டு திசைப் படகும் ஒரே மேடைக்குத்தான் வரும். இது தெரியாமல் நான் வந்த முதல் படகில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மாளிகைகளை ரசித்துக்கொண்டு, சான் மார்க்கோவுக்குப் பதில் பியாஸாலே ரோமாவில் போய் இறங்கினேன். 9.50 யூரோவுக்கு பஸ் ஸ்டாண்ட் தரிசனம்.

கிராண்ட் கனாலைக் கடக்க நாலே பாலம்தான். 1591-இல் முடித்த ரியால்டோ பாலம் எல்லோருக்கும் தெரியும். மற்றவை அக்கதேமியா, ஸ்கால்ஸி, அப்புறம் 2008-இல் திறந்த கோஸ்தித்துஸியோனே. கடைசியாகச் சொன்னதைக் கண்ணாடிப் படி வைத்துக் கட்டினார்கள், மழையில் பார்த்து நடக்கணும். பாலம் தூரமாக இருந்தால் இருக்கவே இருக்கிறது ட்ராகெட்டோ. இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே எடுத்தேன். கோந்தோலா என்கிற துடுப்புப் படகில் அரை மணி நேரச் சவாரிக்கு அரசு வைத்த விலை பகலில் 90 யூரோ. ட்ராகெட்டோவும் கோந்தோலாதான், அலங்காரம் இல்லாதது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் துடுப்புப் போட்டு அக்கரையில் விடுவார்கள். 2 யூரோ. ரியால்டோ மீன் சந்தையிலிருந்து சாந்தா சோஃபியாவுக்கு நேற்று போனேன். காசை ஓடக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் படகுக்குள் இறங்கணும், பக்கவாட்டைப் பிடிக்காமல் நடுவில் கால் வைக்கணும். பக்கத்தில் ஒரு அம்மா மீன் பொட்டலத்தோடு நின்றபடியே வந்தார், அசையவே இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன், எனக்கு அந்த தைரியம் இல்லை. இரண்டு நிமிடத்தில் அக்கரை. பொழுது சாய்ந்தால் இது ஓடாது, பகலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டண விஷயம் ஒன்று. 2024 ஏப்ரல் 25-லிருந்து, காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்குச் சில குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் 5 யூரோ. 2025-இல் கடைசி நேரத்தில் பதிந்தவர்களுக்கு 10 ஆக்கினார்கள். ஊரிலேயே தங்குகிறவர்களுக்கு இல்லை, ஆனால் விலக்கு வேண்டும் என்று இணையத்தில் பதியணும். தேதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம், இலையுதிர் காலத்தில் கடல் ஏறித் தெருவுக்குள் தண்ணீர் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடல்வாயில் மோசே என்ற தடுப்புக் கதவுகளை 2020 அக்டோபரிலிருந்து தூக்குகிறார்கள். 2019 நவம்பரில் வந்த மாதிரி 187 சென்டிமீட்டர் கடலேற்றம் எல்லாம் அதற்கப்புறம் நகரத்துக்குள் வரவில்லை.

இப்போது நான் நிற்கும் இடத்தைக் காட்டுகிறேன். கோர்தே செகோந்தா தெல் மிலியோன். அந்த வளைவைப் பாருங்கள், பைசாந்தியக் காலத்துச் செதுக்கல். மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இந்தப் பக்கம்தான் இருந்தது, சுவரில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொன்ன அதே ஆள். ரியால்டோவிலிருந்து ஐந்து நிமிடத்தில் வரவேண்டிய இடம். எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது, மேப்பில் நீலப் புள்ளி கால்வாய் நடுவில் நின்றுகொண்டு நகரவே இல்லை. சந்து அவ்வளவு குறுகல், வீடு அவ்வளவு உயரம். போனைப் பையில் போட்டுவிட்டு சுவரைப் படித்துக்கொண்டு வந்துதான் சேர்ந்தேன்.

சரி, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பணும். இடது பக்கம் சொத்தோபோர்தெகோ வழியாகத்தானே வந்தேன்? இருங்கள், சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன்.