டிஜே சும்மா பட்டன்தான் அமுக்குறாரா? 10 மில்லிசெகண்டுல காணாமப் போற பேஸ்!

[திரையில்: கையைத் தூக்கிக் குதிக்கிற ஒரு டிஜே]

"பென்டிரைவைச் சொருகுறாரு, பட்டனை அமுக்குறாரு, கையைத் தூக்குறாரு. இதுக்குச் சம்பளமா?" இந்தக் கமெண்ட் இல்லாத டிஜே வீடியோவே கிடையாது. பாதி உண்மைதான் மக்களே. சிங்க் பட்டனை அமுக்கினா ரெண்டு பாட்டோட வேகத்தையும் மெஷினே சேர்த்துடும். அப்போ மிச்சம் என்னதான் வேலை?

வாங்க, லண்டன் போவோம். ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு எதிர்ல, பழைய குளிர்பதனக் கிடங்குல 1999-ல திறந்த கிளப், ஃபேப்ரிக். அங்க ரூம் ஒன்ல ஆடுற தரைக்கு அடியில 400-க்கும் மேல பேஸ் டிரான்ஸ்டியூசர் வெச்சிருக்காங்க, அதாவது பாட்டோட கனமான அடிச் சத்தத்தை (பேஸ்) அதிர்வா மாத்துற கருவி. பேஸ் உள்ளங்கால் வழியாவே ஏறும். டிஜே சொதப்பினா காலுக்கே தெரிஞ்சிடும்!

வரலாறு ஒரே வரி: 1972-ல இசைத்தட்டு சுத்துற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, 2001-ல சிடி ஓட்டுற டிஜே மெஷின் பயனியர் சிடிஜே-1000, 2020-ல பென்டிரைவுல ஓடுற சிடிஜே-3000. முடிஞ்சது, கணக்குக்கு வருவோம்.

[திரையில்: 128 பிபிஎம்]

நிமிஷத்துக்கு 128 அடி போற ஹவுஸ் வகை டான்ஸ் பாட்டு. ஒரு அடிக்கு 469 மில்லிசெகண்ட். நாலு அடி ஒரு பார், எட்டு பாருக்குச் சரியா 15 செகண்ட். பாட்டுல எது மாறினாலும் பெரும்பாலும் இந்த எட்டு, பதினாறு கணக்குலதான் மாறும். அதனால ஓடுற பாட்டு மேல புதுப் பாட்டைக் கலக்கும்போது, அதோட முதல் அடியை அந்த எட்டு பார் சுற்றோட முதல் அடியிலதான் விடணும்.

இப்போதான் எனக்குப் பிடிச்ச இடம். கிக் டிரம்மோட அடிச் சத்தம் 50 ஹெர்ட்ஸ் பக்கம்னு வெச்சுக்குங்க. ஒரு அலைக்கு 20 மில்லிசெகண்ட், பாதி அலைக்கு 10. ரெண்டு பாட்டோட கிக்கும் வெறும் 10 மில்லிசெகண்ட் முன்னபின்ன விழுந்தா? ஒரே கதவை ஒருத்தர் உள்ள தள்ள, இன்னொருத்தர் வெளிய தள்ளுற கதை. ரெண்டு பேஸ் போட்டும் பேஸே இல்ல! சரி, துல்லியமா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா? 6 டெசிபல் வரைக்கும் ஏறும், சத்தம் எல்லை தாண்டாம அடக்குற லிமிட்டர் பாய்ஞ்சு மொத்தப் பாட்டையும் அமுக்கிடும். ரெண்டு பக்கமும் அடி!

"சிங்க் இருக்கே?" இருக்கு. ஆனா சிங்க் பார்க்குறது பாட்டை அலசி, அடி விழுற இடத்துல போட்ட கோடுகளை (பீட்கிரிட்). அந்தக் கோடே 10 மில்லிசெகண்ட் தள்ளி இருந்தா, தப்பைத்தான் ஒழுங்காச் சேர்க்கும். ஹெட்ஃபோன்லயும் அது ரெண்டு அடியாத் தெரியாது.

அதனாலதான் பேஸ் மாத்துற வித்தை. புதுப் பாட்டோட ஃபேடரை (சத்தத்தை ஏத்தி இறக்குற பட்டி) ஏத்துறதுக்கு முன்னாடியே அதோட லோ நாபை (பேஸைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) முழுசா இடது பக்கம் திருப்பிடணும். பதினாறு பார் வரைக்கும் ஹைஹாட்டும் கைத்தட்டலும் மட்டும் உள்ள வரும். அடுத்த சுற்றோட முதல் அடியில ஒரு கை பழைய பாட்டோட லோவை இறக்கும், இன்னொரு கை புதுப் பாட்டோட லோவை 12 மணி நிலைக்குக் கொண்டுவரும். ஒரே நேரத்துல! ஏத்தற கை லேட்டாச்சுன்னா ஆடுற தளத்துல ஒரு நொடி பேஸே இருக்காது. பழைய சேனலோட லோ நாபைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர மறந்தா, அதுல அடுத்து வர்ற பாட்டு சோகையா வரும். அடிக்கடி நடக்கிற சொதப்பல் இதுதான்.

இன்னொண்ணு: பத்து மீட்டர் தள்ளி இருக்குற ஸ்பீக்கர் சத்தம் டிஜேகிட்ட வர 29 மில்லிசெகண்ட் ஆகும். அதை நம்பிக் காதால பீட் சேர்த்தா போச்சு. பூத்துக்குள்ள, காதுக்குப் பக்கத்துலயே தனி மானிட்டர் வைக்கிறது பந்தாவுக்கு இல்ல.

பாட்டுகளைக் கலக்குற மிக்சர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுட்டே இருந்தா அது கெத்து இல்ல, கிளிப்பிங், அதாவது சத்தம் எல்லை மீறி உடையுறது. சத்தம் பத்தலன்னா சவுண்ட் இன்ஜினியரைக் கேளுங்க.

கடைசியா பென்டிரைவ். ஃபேட்32-ங்கிற முறையில ஃபார்மேட் பண்ணுங்க, பழைய சிடிஜே எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்காது. ஃப்ளாக் (தரம் குறையாத ஆடியோ) ஃபைலும் சிடிஜே-2000 மாதிரி பழைய மெஷின்ல ஓடாது. ஒரே மாதிரி ரெண்டு டிரைவ் எடுத்துட்டுப் போங்க. பாட்டு ஓடும்போது யாராவது டிரைவைப் பிடுங்கிட்டா பயப்படாதீங்க, புது சிடிஜேக்கள் அவசர லூப் போட்டு, அதாவது ஒரு சின்னத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டிச் சமாளிக்கும். அதுக்குள்ள அடுத்த டெக்குல (பக்கத்து மெஷின்) ஒரு பாட்டை ஏத்துங்க. அந்தப் பாட்டு இன்னொரு டிரைவுல இருக்கணும், அவ்வளவுதான்!