பாலுக்குக் கெடும் தேதி, புத்தகத்துக்குப் பிறந்த தேதி

நடுவர் அவர்களே, இரு அணியினரே, எதிரே உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். நேரம் குறைவு, விஷயத்துக்கு வருகிறேன்.

வாசகரை வளர்ப்பது ஒரே ஆண்டின் நூல்களைப் படிக்கும் சவாலா, மனம்போன போக்கில் படிப்பதா? இதுதான் தலைப்பு. சவால்தான் என்று பேச வந்திருக்கிறேன். "மனம்போன போக்கெல்லாம் போக வேண்டாம்" என்று உலகநீதி எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதே உலகநீதியின் முதல் வரி என்ன? "ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்." ஓதச் சொன்னவரேதான் மனம்போன போக்கில் போகாதே என்றும் சொன்னார்!

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். "புத்தகம் என்ன பால் பாக்கெட்டா, தேதி பார்த்து எடுக்க?" என்றார்.

அண்ணே, பால் பாக்கெட்டில் இருப்பது கெட்டுப்போகும் தேதி. புத்தகத்தில் இருப்பது பிறந்த தேதி. பிறந்த தேதியைக் கேட்டால் என்ன தப்பு? ஒருவரைப் பிடித்துப்போனால் "நீங்க எந்த வருஷம்?" என்று கேட்கிறோம். "அட, நானும் அதே வருஷம்" என்று அவர் சொன்னால் அன்றிலிருந்து சொந்தம். அப்புறம், பாலை எடுத்ததே நல்லதாகப் போயிற்று. பக்குவம் தெரிந்த கையில் பால் தயிராகும், வெண்ணெயாகும், நெய்யாகும். 1966இல் கறந்த பால் இன்றைக்கு நெய்யாக மணக்கிறது அண்ணே!

ஏன் 1966 என்கிறேன்? எங்கள் வாசகர் வட்டத்தில் போன வருடம் ஒரு சவால் வைத்தார்கள். ஒரு மாதம், எந்த மொழியானாலும் சரி, 1966இல் முதலில் வெளிவந்ததை மட்டும் படிக்க வேண்டும். பெயரைக் கொடுத்துவிட்டு நேராகக் கிளை நூலகத்துக்குப் போனேன்.

நூலகர் அம்மா கேட்டார்: "ஆசிரியர் பேர்?"

"தெரியாதும்மா."

"புத்தகத்தோட பேர்?"

"தெரியாதும்மா."

"சரி, என்னதான் தெரியும்?"

"வருஷம் தெரியும். அறுபத்தாறு."

அவர் பேனாவை மூடி வைத்தார். இத்தனை வருட வேலையில் வருஷத்தைச் சொல்லிப் புத்தகம் கேட்டு யாருமே வந்ததில்லையாம். நூலகத்தில் பொருள் வாரியாக அடுக்குவார்கள், ஆசிரியர் வாரியாக அடுக்குவார்கள், வருஷ வாரியாக யார் அடுக்குவார்கள்? ஒரே வழிதான். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி, "முதற் பதிப்பு" என்ற வரியைப் பார்க்க வேண்டும். அவர் ஒரு அலமாரி, நான் ஒரு அலமாரி.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். "என்னம்மா தேடுறீங்க?" சொன்னேன். "அறுபத்தாறா?" என்று கண்ணாடியைக் கழற்றினார். "ஜனவரியில சாஸ்திரி செத்துப்போனார். ஜூன்ல ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க. டாலருக்கு 4 ரூபா 76 காசு, ஒரே நாள்ல ஏழரை ரூபா! அரிசிக்கு வரிசையில நின்னோம்மா அந்த வருஷம்." சொல்லிக்கொண்டே மூன்றாவது அலமாரிக்குப் போய்விட்டார். நடுவர் அவர்களே, மறுபடியும் சொல்கிறேன். நூலகர் அம்மா ஒரு அலமாரி, நான் ஒரு அலமாரி, அரிசிக்கு வரிசையில் நின்ற பெரியவர் ஒரு அலமாரி! மனம்போன போக்கில் போயிருந்தால் நான் வழக்கமான நாலு எழுத்தாளர்களில் ஒருவரைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்திருப்பேன்.

சரி, கிடைத்தது என்ன? நாகர்கோவில் பக்கத்து முச்சந்தியில் நின்ற ஒரு மரத்துக்காக சுந்தர ராமசாமி எழுதிய 'ஒரு புளியமரத்தின் கதை', 1966. ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவ் இறந்து 26 வருடம் கழித்து அவருடைய 'மாஸ்டரும் மார்கரிட்டாவும்' மாஸ்கோவில் ஒரு பத்திரிகையில் முதன்முதலாக அச்சேறியது, 1966. 'ஜேன் அயர்' என்ற ஆங்கில நாவலில் மாடி அறையில் பூட்டி வைத்த பெண்ணுக்கு, 119 வருடம் கழித்து ஜீன் ரீஸ் ஒரு கதை கொடுத்தாரே, அதுவும் 1966.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது இரண்டு அம்மாக்கள். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' அந்த வருடம்தான். தன் தவறுக்குப் பிராயச்சித்தமாக மகனை வேதம் படிக்க அனுப்பிவிட்டு, கடைசியில் காசிக்குப் புறப்படுகிறாள் அலங்காரம். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்ததும் அதே வருடம்தான். மழையில் பஸ்ஸுக்கு நின்ற பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒருவன் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தம் என்று சொல்லிவிடுகிறாள் அம்மா. தமிழ்நாடே அதைப் பற்றிச் சண்டை போட்டது. ஒருத்தி தன் பாவத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தவிக்கிறாள். இன்னொருத்தி மகள் தலையில் பாவமே இல்லை என்கிறாள். இரண்டையும் தனித்தனியாக முன்பே படித்தவள் நான். ஆனால் அந்த அம்மாக்கள் இருவரும் ஒரே வருடத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவதாகவும் ஒரு அம்மா உண்டு. என் அம்மா. 1966இல் அவருக்கு 15 வயது. பெரியமனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அதனால் 'அக்னிப் பிரவேச'த்தைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். தண்ணீர் ஊற்றும் இடம் வந்தது. "நிறுத்து" என்றார். "இந்தக் கதை வந்த விகடனை எங்கப்பா பரண்ல தூக்கிப் போட்டுட்டார். பொம்பளப் பிள்ளைக படிக்கக் கூடாதுன்னு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "அந்த வாரம் புளிப்பானை எடுக்கணும்னு எங்கம்மா பரண்ல ஏறுச்சு. மத்தியானம் ஏறினது, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இறங்குச்சு. எழுத்துக்கூட்டித்தானே படிக்கும். அடுத்த ஜூன்ல, பிள்ளைய மறுபடி பள்ளிக்கூடத்துல சேருங்கன்னு அப்பாகிட்ட சண்டை போட்டுச்சு. அதுவரைக்கும் அப்பா முன்னாடி நிமிர்ந்துகூடப் பேசினது இல்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டார்: "ஏன் பாப்பா, எங்கம்மா இதைப் படிச்சிருக்குமா?"

நன்றி, வணக்கம்.