காதல் கதைக்குள் ஒரு அரிச்சுவடி

வணக்கம் மக்களே. இன்றைக்கு ரகுநாத் முர்மு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் 1905-ல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார், சந்தால் பழங்குடி மக்கள் பேசுகிற சந்தாலி மொழிக்கு 1925-ல் ஓல் சிக்கி என்கிற எழுத்தை உருவாக்கியவர். பொதுவாக இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான் பெரிய வேலை என்று படுகிறது, எழுத்து இருந்தால் போதுமா, படிக்க ஆள் வேண்டாமா?

அன்றைய நிலைமை என்னவென்றால், மிஷனரிகள் சந்தாலியை ரோமன் எழுத்தில் அச்சடித்தார்கள், வங்காளத்தில் இருந்தவர்கள் வங்க எழுத்தில் எழுதினார்கள், இவர் பக்கத்தில் ஒடியா. பேச்சு ஒன்றுதான், ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் கடிதம் போட்டால் இந்தப் பக்கம் படிக்க முடியாது.

இவர் செய்ததில் மொத்தமே 30 எழுத்து. நம்மைப் போல கால், கொம்பு, சுழி எதுவும் கிடையாது, ‘கா’ வேண்டுமென்றால் ‘க்’ போட்டு பக்கத்திலேயே ‘ஆ’ போட வேண்டியதுதான். உருவங்களும் ஊருக்குள்ளேயே எடுத்தவை: ‘இஸ்’ என்ற எழுத்து ஏர், ‘இர்’ கதிர் அரிவாள், ‘உத்’ காளான். தினமும் அரிவாள் பிடிக்கிற கைக்கு அந்த எழுத்து மறக்குமா சொல்லுங்கள்.

சரி, இதை எப்படிப் பரப்புவது? அரிச்சுவடி எழுதினார், கணக்குப் புத்தகம்கூட எழுதினார். ஆனால் எனக்குப் பிடித்தது 1942-ல் வந்த ‘பிது சந்தன்’ நாடகம். பிது, சந்தன் என்று இரண்டு தெய்வங்கள் மனிதர்களாகப் பூமிக்கு வருகிறார்கள், காதலிக்கிறார்கள், மனதில் இருப்பதை ஒருவருக்கொருவர் எழுதிச் சொல்ல ஓல் சிக்கியைக் கண்டுபிடிக்கிறார்கள்! கவனியுங்கள், பதினேழு வருஷமாகத் தான் சுமந்துகொண்டிருந்த எழுத்தை அப்படியே காதலர்கள் பெயரில் எழுதி வைத்துவிட்டார் மனுஷன். வாத்தியார் புத்தி என்றால் இதுதான், ‘வந்து எழுத்துப் படி’ என்றால் எவன் வருவான், நாடகம் என்றால் ஊரே வரும்.

மேற்கு வங்க அரசு இந்த எழுத்தை 1979-ல் ஏற்றுக்கொண்டது, அதை அவர் பார்த்துவிட்டார். இறந்தது 1982-ல். அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணைக்குள் சந்தாலி வந்தது 2003-ல்தான், கணினியிலும் போனிலும் எழுத்துகளைக் காட்ட உதவும் பொதுக் குறியீடான யூனிகோடில் ஓல் சிக்கி ஏறியது 2008-ல். இப்போது சந்தாலி விக்கிப்பீடியாவே இந்த எழுத்தில்தான் ஓடுகிறது, போனில் திறந்து அந்த ஏரும் அரிவாளும் கண்ணில் படுகிறதா என்று தேடிப் பாருங்கள்.