வாயைத் திறப்பதற்கு முன் விண்ணப்பம்

நேயர்களுக்கு வணக்கம். காப்புரிமை என்றதும் என்னிடம் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது, அதற்குக் காப்புரிமை கிடைக்குமா?" என்பதுதான். வெறும் யோசனைக்குக் கிடைக்காது. மண்ணின் ஈரம் பார்த்துத் தானே நீர் பாய்ச்சுகிற கருவி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமே என்பது ஆசை. ஈரத்தை எது அளக்கிறது, அளந்த பிறகு வால்வை எது திறக்கிறது, எப்போது மூடுகிறது, இதையெல்லாம் அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் படித்துத் தானே செய்துபார்க்கும் அளவுக்கு எழுதிக் காட்ட முடிந்தால், அப்போது பேசலாம்.

ஏன் அப்படி எழுதிக் காட்டச் சொல்கிறார்கள்? காப்புரிமை என்பதே ஒரு கொடுக்கல் வாங்கல். உங்கள் கண்டுபிடிப்பின் சூட்சுமத்தை ஒளிக்காமல் ஊருக்குச் சொல்லிவிடுகிறீர்கள். அதற்குப் பதிலாக, மற்றவர்கள் அதைச் செய்யாமல், விற்காமல் தடுக்கிற உரிமையை அரசு சில காலத்துக்கு உங்களுக்குத் தருகிறது. வெனிஸ் நகரம் 1474-இல் போட்ட சட்டத்தில் அது 10 ஆண்டு. இன்று உலகத்தின் பெரும்பாலான நாடுகளில், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. கெடு முடிந்ததும் அது எல்லாருக்கும் பொது.

சரி, எதற்குக் கிடைக்கும்? மூன்று கேள்விகள் கேட்பார்கள். புதியதா? அந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததா? தொழிலில் பயன்படுமா? மூன்றாவதில் அநேகமாக யாரும் தோற்பதில்லை. இரண்டாவதில் வக்கீல்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடுவார்கள். ஆனால் சாதாரண மனிதர்கள், நல்ல மூளைக்காரர்கள், அநியாயமாகத் தோற்பது முதல் கேள்வியில்தான். அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

புதியது என்றால், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் உலகத்தில் எங்கேயும் வெளியே வராதது. நீங்களே வெளியே சொல்லியிருந்தாலும் வெளியே வந்ததுதான். இதைக் கேட்டதும் பலருக்கும் நம்பிக்கை வராது, "என் கண்டுபிடிப்பை நான் சொன்னால் என்ன தப்பு?" என்பார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அமெரிக்காவில் நடந்த ஒரு பழைய வழக்கு.

1855-ஆம் ஆண்டு. அந்தக் காலத்துப் பெண்கள் கோர்செட் என்று, இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற ஓர் உள்ளாடை அணிவார்கள். அது விறைப்பாக நிற்க உள்ளே எஃகுப் பட்டைகளை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தப் பட்டைகள் அடிக்கடி உடைந்துவிடுகின்றன என்று பிரான்சஸ் என்கிற பெண்ணும் அவருடைய தோழியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த சாமுவேல் பார்ன்ஸ், உடையாத பட்டையை நான் செய்து தருகிறேன் என்றார். அடுத்த முறை பார்க்க வந்தபோது ஒரு ஜோடி செய்து கொண்டுவந்தும் கொடுத்துவிட்டார். பிரான்சஸ் அதைப் பல காலம் அணிந்தார். 1858-இல் பார்ன்ஸ் இன்னொரு ஜோடி கொடுத்தார். துணி நைந்துபோனால் பிரான்சஸ் தையலைப் பிரித்து அதே பட்டைகளை எடுத்துப் புதுத் துணியில் வைத்துத் தைத்துக்கொள்வாராம், அவ்வளவு உறுதி. பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 1863-இல் வீட்டுக்கு வந்த ஒருவருக்குக் காட்டுவதற்காக, அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு கோர்செட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்து, தையலைப் பிரித்துப் பட்டைகளை வெளியே எடுத்தார். அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ன்ஸ் விளக்கினார்.

காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தது 1866-இல். கிடைத்தது. அவர் இறந்த பிறகு, இதைக் காப்பியடிக்கிறார்கள் என்று அந்த அம்மாள் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1881-இல் தீர்ப்பு வந்தது: காப்புரிமை செல்லாது. விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் முன்பே இது பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்றார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரே ஒரு பெண், அதுவும் வெளியே யார் கண்ணுக்கும் படாத உள்ளாடைக்குள்! நீதிபதிகளில் ஒருவர் மட்டும் இதை ஏற்காமல் மாறுபட்டு எழுதினார். மற்றவர்கள் பார்த்தது ஒன்றைத்தான்: கொடுக்கும்போது, இதை யாரிடமும் சொல்லாதே, காட்டாதே என்று எந்த நிபந்தனையும் போடவில்லை. கட்டுப்பாடு இல்லாமல் கையை விட்டுப் போனால் அது வெளியே போனதுதான்.

இன்றைக்கு நாம் கோர்செட்டில் காட்டுவதில்லை. ஒரு வீடியோ போடுகிறோம், கண்காட்சியில் வைக்கிறோம், முதலீட்டாளரிடம் முழுதாகக் கொட்டிவிடுகிறோம், மாணவர்கள் கருத்தரங்கில் கட்டுரை படித்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். சில நாடுகள் உங்கள் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகை தருகின்றன. அமெரிக்கா தரும்; ஐரோப்பாவில் அநேகமாகக் கிடையாது. அந்தச் சலுகையை நம்பி இறங்காதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு. பேசியே ஆக வேண்டுமென்றால் ரகசியம் காப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். திரும்பவும் சொல்கிறேன், முதலில் விண்ணப்பம்.

எதற்குக் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். இயற்கை விதி, கணிதச் சூத்திரம், ஏற்கெனவே இருப்பதை முதலில் பார்த்தது, இவற்றுக்குக் கிடைக்காது. உயிருள்ளவற்றில் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு அமெரிக்காவிலேயே இரண்டு தீர்ப்புகள் உண்டு. கச்சா எண்ணெயைச் சிதைக்கும்படி ஆனந்த சக்கரவர்த்தி என்கிற விஞ்ஞானி உருமாற்றிய பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-இல் சொன்னார்கள். மனித உடலில் இயற்கையாக உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்தால் மட்டும் போதாது என்று 2013-இல் சொன்னார்கள்.

இன்னொன்று, காப்புரிமை வாங்கிவிட்டால் அந்தப் பொருளைச் செய்ய அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது தடுக்கிற உரிமை மட்டும்தான். உங்கள் பொருளுக்குள் இன்னொருவருடைய காப்புரிமை இருந்தால் அவர் உங்களைத் தடுக்கலாம். நீராவி எந்திரத்தில் அவ்வளவு பெரிய பெயரெடுத்த ஜேம்ஸ் வாட்டுக்கே இது நேர்ந்தது. எந்திரத்தால் சக்கரம் சுற்றுவதற்கான வளைதண்டுக்கு 1780-இல் வேறொருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். வாட் அதைத் தொடாமல், பற்சக்கரங்களை வைத்து வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெயரும் சின்னமும் வணிகமுத்திரையில் வரும்; புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவே இல்லை. கதை, பாட்டு, மென்பொருள் இவையெல்லாம் பதிப்புரிமை; பெரும்பாலான நாடுகளில் எழுதிய கணமே அது உங்களுடையது, பதிவு தேவையில்லை. உலகம் முழுக்கச் செல்லும் ஒரே காப்புரிமை என்று எதுவும் கிடையாது, பெரும்பாலும் நாடு நாடாகத்தான் வாங்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டில் விண்ணப்பித்தால், 1883-இல் செய்த பாரிஸ் உடன்படிக்கையின்படி மற்ற உறுப்பு நாடுகளில் 12 மாதத்துக்குள் விண்ணப்பித்து, அந்த முதல் விண்ணப்பத்தின் தேதியையே கோரலாம். அந்த 12 மாதத்தை மட்டும் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.