பாஸ்வேர்ட் எவ்வளவு நீளம் என்றாலும் உங்கள் ரவுட்டரில் இந்த ஓட்டை இருக்கலாம்!

வணக்கம் உறவுகளே!

இருபது எழுத்தில் வைஃபை பாஸ்வேர்ட் போட்டிருக்கிறீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு நட்சத்திரக் குறி. பெற்ற பிள்ளைக்கே மூன்று தரம் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாஸ்வேர்ட். ஆனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் லேப்டாப்போடு இருக்கும் ஒருவர், அதில் ஒரு எழுத்தைக்கூட ஊகிக்காமல் உள்ளே வந்துவிடலாம். எப்படி?

முதலில் பழைய கதை, சுருக்கமாக. வைஃபையின் முதல் பூட்டு டபிள்யூஇபி. 2001லேயே அது உடைந்துவிட்டது. பிறகு வந்த டபிள்யூபிஏ2இலும் 2017இல் கிராக் என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது. வரலாறு முடிந்தது, எழும்புங்கள்.

[திரையில்: யன்னல் கம்பியில் கட்டிய ரவுட்டர்]

எங்கள் வன்னிப் பக்கம் உள்ளூருக்குள் போனால் பல வீடுகளில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். அதையும் சிக்னலுக்காக யன்னலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சிக்னல் நன்றாக உள்ளே வரும். வைஃபையும் நன்றாக வெளியே போகும், ஒழுங்கை வரைக்கும்! அதை அவிழ்த்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர். வைஃபை பெயர், பாஸ்வேர்ட். பல மாடல்களில் அதோடு எட்டு இலக்கத்தில் ஒரு டபிள்யூபிஎஸ் பின் நம்பரும் இருக்கும்.

நீளமான பாஸ்வேர்டைத் தட்டச் சோம்பல்படுகிறவர்கள், அதற்குப் பதில் இந்த நம்பரைக் கொடுத்து வைஃபையில் இணைய வந்த வசதி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியங்கள். ஆயுளுக்கும் முயன்றுகொண்டிருக்கலாம் என்றுதான் தோன்றும். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபக் என்ற ஆய்வாளர் இதைக் கிண்டிப் பார்த்தார். ரவுட்டர் அந்த எட்டையும் ஒன்றாகச் சரிபார்ப்பதில்லை. முதல் நாலைத் தனியாகப் பார்க்கிறது. பிழை என்றால் அந்த இடத்திலேயே பேச்சை முறித்துவிடுகிறது. முறிக்காமல் தொடர்ந்தால், முதல் நாலும் சரி என்று வந்தவனுக்குத் தெரிந்துவிடும்!

வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் கதை எங்களுக்குத் தெரியாததா? 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையையே பிடித்தவன். அவனைப் பகைவர் வீரத்தால் வெல்லவில்லை, காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்தான் என்றுதான் எங்கள் பக்கத்தில் கதை சொல்வார்கள். உங்கள் இருபது எழுத்துப் பாஸ்வேர்ட்தான் பண்டாரவன்னியன். டபிள்யூபிஎஸ் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

[திரையில்: கணக்கு]

இப்போது கணக்கைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதல் நாலுக்கு அதிகபட்சம் 10,000 முயற்சி. மிச்சம் நாலு. அதிலும் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் வைத்துக் கணக்குப் பார்த்து வருவது, ஊகிக்கவே தேவையில்லை. ஆக மூன்று இலக்கம், 1,000 முயற்சி. கூட்டினால் 11,000. பத்துக் கோடி எங்கே, பதினோராயிரம் எங்கே! மனிதன் உட்கார்ந்து தட்டுவதில்லை, மென்பொருள் தட்டும். சில மணி நேர வேலை.

பின் நம்பர் கிடைத்ததும் ரவுட்டர் உங்கள் பாஸ்வேர்டைத் தானே எடுத்துக் கொடுக்கும். நீங்கள் சந்தேகப்பட்டுப் பாஸ்வேர்டை மாற்றினாலும், அதே பின்னைக் காட்டிப் புதியதையும் வாங்கிவிடலாம். 2014இல் இன்னும் மோசம். சில ரவுட்டர்களின் சிப்பில் இருந்த பிழையால், ஒரேயொரு முறை பேசிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வீட்டில் இருந்தே கணக்குப் போட்டு எடுக்கலாம் என்று தெரியவந்தது.

சரி, என்ன செய்வது? ஸ்டிக்கரில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரி இருக்கும். ரவுட்டரோடு இணைந்த போனில் அதை அடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும். டபிள்யூபிஎஸ்ஸைத் தேடி நிறுத்துங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் நிறுத்தினாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டதைத் திருத்தப் புதிய ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், வேண்டும். கம்பெனி அதை வெளியிடாவிட்டால் ரவுட்டரை மாற்றுவதுதான் வழி. நல்ல ரவுட்டரை எறிவதா என்று அம்மா ஏசுவா, அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்தப் பக்கத்துக்குள் நுழைய நீங்கள் என்ன தட்டினீர்கள்? அட்மின், அட்மின்? அதை இன்றைக்கே மாற்றுங்கள். அது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, வேறு. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்ட் சோடிகளைத்தான் மாற்றி மாற்றித் தட்டியது. அதிலேயே உலகெங்கும் லட்சக்கணக்கான ரவுட்டர்களும் கேமராக்களும் அகப்பட்டன. அவற்றை ஏவி அந்த அக்டோபரில் இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் என்ற கம்பெனியைத் தாக்கியதில், ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை.

நிற்கும்போதே இன்னொன்று. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள். தளத்தின் பெயரைத் தட்டினால் எங்கே போவது என்று யாரிடம் கேட்பது எனக் குறித்திருக்கும் இடம் டிஎன்எஸ். அதில் நீங்கள் போடாத எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை மாற்றிவிட்டால், நீங்கள் வங்கி முகவரியைச் சரியாகத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்கு அனுப்பலாம்.

உங்கள் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் கீழே மாடல் பெயரை எழுதுங்கள், தேடிச் சொல்கிறேன். மாடல் பெயர் மட்டும் போதும் அண்ணாமாரே, அக்காமாரே. ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கமெண்டில் போட்டுவிடாதீர்கள்!