அவனுக்கும் நாப்பழக்கம் வேண்டும்

தலைவர் அவர்களே, சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழுவினரே, காலையிலிருந்து நாற்காலி போட்ட தொண்டூழியர்களே, இடியப்பம் அவித்துக் கொண்டுவந்த அம்மாக்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கவும், போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அறிவுத்திறன் குறைபாடுள்ள நம் பிள்ளைகளைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: பள்ளி, வேலை, வீட்டுமொழி. சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ல் நடப்புக்கு வந்தபோது சிறப்புக் கல்விப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதில் விலக்கு இருந்தது, 2019ல்தான் அவர்களும் உள்ளே வந்தார்கள். இத்தனைக்கும் இப்பிள்ளைகளுக்கான மைண்ட்ஸ் இயக்கம் இங்கே தொடங்கியது 1962ல். பெரும்பாலானவர்களுக்கு 18 வயதோடு பள்ளி முடிந்துவிடுகிறது. அப்புறம்? அதைச் சொல்வதற்குள் என் அக்கா மகன் கதை.

சின்ன வயதிலேயே அக்காவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள், "இவனுக்கு ஒரு மொழியே பாரம், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று. வீட்டில் என் அம்மாவுக்கோ தமிழ் தவிர எதுவும் வராது. பேரனும் பாட்டியும் இருபது வருஷம் ஒரே சோபாவில் உட்கார்ந்து பேசாமலே டிவி பார்த்தார்கள். ஆனால் அவனுக்கு எம்ஆர்டி ரயில் என்றால் உயிர். பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியா வரைக்கும் நிலையம் தவறாமல் ஒப்பிப்பான். ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே இடைவெளி, கவனம் என்று அறிவிப்பு நான்கு மொழியில் வருகிறதல்லவா, அதில் ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். ஒருநாள் அம்மா குளியலறை வாசல்படி தாண்டும்போது பின்னாலிருந்து சத்தமாக, "பாட்டி, இடைவெளி!" அம்மா அப்படியே நின்றுவிட்டார். அன்றிலிருந்து நிலைப்படி, மின்தூக்கி, பேருந்து எதுவானாலும் "இடைவெளி"தான். ஒரு கல்யாணத்தில் மணமகள் மணவறை ஏறும்போதும் கத்தினான், நாதஸ்வரக்காரர் சிரித்து ஊதலை விட்டுவிட்டார். இப்போது அம்மா வாரம் ஒரு சொல் கற்றுக்கொடுக்கிறார். போன வாரம் "ரசம்", இந்த வாரம் "போதும்".

ஔவையார் சொன்னார், சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இவன் நாவுக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே!

வேலையைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடத்துகிறோம், பட்டிமன்றம், கவிதைப் போட்டி, மாறுவேடம் எல்லாம் உண்டு. 18 தாண்டி வீட்டில் உட்கார்ந்திருக்கும் இவர்களுக்கு அதில் ஒரு மாலை கொடுங்கள். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். பாட்டிகளோடு உட்கார்ந்து பேசட்டும், வடை சாப்பிடட்டும். மறுபடியும் சொல்வேன், நாப்பழக்கம்!

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உதவ முடிந்தவர்கள் பெயரும் எண்ணும் எழுதுங்கள், பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.