வித்துடலாம்னு சொன்னவரே மேயராகி காப்பாத்துன கட்டடம்: பாஸ்டன் சிட்டி ஹால் பிளாசா

[திரையில: மேல இருந்து எடுத்த பழைய போட்டோ]

வணக்கம் மக்களே, இந்த போட்டோவ கொஞ்சம் உத்துப் பாருங்க. நடுவுல சாம்பல் கலர் கான்கிரீட்ல, மேல போகப் போக அகலமாகிட்டே போற ஒரு கட்டடம், யாரோ தலைகீழா கவுத்து வச்ச மாதிரி. அதுதான் அமெரிக்காவுல பாஸ்டன் மாநகராட்சி ஆபீஸ், அதாவது சிட்டி ஹால். முன்னாடி செவப்பா பரந்து கெடக்கறது மண்ணு இல்லைங்க, செங்கல். ஏழு ஏக்கருக்கு கிட்ட செங்கல் மைதானம், அதைத்தான் பிளாசான்னு சொல்றாங்க.

இங்க முன்னாடி ஸ்காலே ஸ்கொயர்னு ஒரு இடம், கடை, நாடகக் கொட்டகை, பார்னு எப்பவும் ஜேஜேன்னு இருக்கும். 1960கள் ஆரம்பத்துல அதை மொத்தமா இடிச்சு தள்ளிட்டு புது மாநகராட்சி கட்டடத்துக்கு போட்டி வச்சாங்க. 256 டிசைன் வந்துச்சு, ஜெயிச்சது கால்மன், மெக்கின்னல்னு ஆர்க்கிடெக்ட்டுங்க. அப்போ மெக்கின்னல் இன்னும் படிச்சிட்டிருந்த பையன், கால்மன் அதே யுனிவர்சிட்டில வாத்தியார்.

கட்டடம் வந்துச்சு, ஆனா ஊரே ரெண்டா பிரிஞ்சு போச்சு. 1976ல அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கம் எடுத்த ஓட்டெடுப்புல அந்த நாட்டோட தலைசிறந்த கட்டடங்கள்ல ஆறாவது இடம், 2008ல ஒரு டிராவல் வெப்சைட் லிஸ்ட்டுல உலகத்துலயே அசிங்கமான கட்டடம்னு முதலிடம், ரெண்டும் ஒரே கட்டடத்துக்கு! எனக்கு பிடிக்கும், ஆனா அந்த மைதானத்த மட்டும் யாராலயும் சப்போர்ட் பண்ண முடியாது. இத்தாலில சியனா ஊர்ல இருக்கற பெரிய செங்கல் சதுக்கம் மாதிரி பண்ணணும்னு நெனச்சாங்க, ஆனா அங்க சுத்தி வீடும் கடையும் ஒட்டிக்கிட்டு நிக்குது, இங்க ரோடும் ஆபீஸும்தான். வெயில் காலத்துல தலைக்கு மேல ஒண்ணும் கெடையாது, குளிர் காலத்துல காத்து ஆள தள்ளும். ஒரு நீரூற்று இருந்துச்சு, அதுவும் கீழ ஓடற சப்வேக்குள்ள ஒழுகுதுன்னு நிறுத்திட்டாங்க.

அப்புறம் என்ன, 2006ல மேயர் மெனினோ இதை வித்துட்டு கடலோரமா போயிடலாம்னாரு. 2013 தேர்தல்ல மார்ட்டி வால்ஷும் வித்துடலாம்னு தான் சொன்னாரு. சொல்லிட்டு மேயரா வந்தவரு, அதே வால்ஷ், விக்காம ரிப்பேர் பண்ண கெளம்பிட்டாரு.

[திரையில: சிமெண்ட் சூளை]

இங்கதான் மேட்டர். பழச இடிச்சுட்டு சோலார் பேனல் வச்சு புதுசா கட்டுனா அது பசுமைக் கட்டடம்னு நம்மல்ல நிறைய பேருக்கு ஒரு நெனப்பு. சிமெண்ட் எப்படி வருதுன்னு யோசிங்க, சுண்ணாம்புக்கல்ல சூளையில போட்டு 1450 டிகிரி வரைக்கும் சூடேத்தணும், எரிக்கற கரியில வர்ற புகை ஒரு பக்கம், ஆனா பாதிக்கும் மேல கார்பன் டை ஆக்சைடு அந்தக் கல்லுக்குள்ள இருந்தே வெளிய வருது, அதனால கரியை விட்டுட்டு வேற எதை எரிச்சாலும் அது வந்துதான் தீரும். சிட்டி ஹாலுக்கு அந்தப் புகை 1960கள்லயே போயாச்சு, திரும்ப வராது. இடிச்சா அதுவும் வீண், புதுசுக்கு இன்னொரு தடவை வேற. அதனால இருக்கறத வச்சுக்கிட்டு சரி பண்றதுதான் கணக்குக்கு கட்டுபடியாகும்.

சரி என்ன பண்ணாங்க? 2020ல வேலை ஆரம்பிச்சு 2022 நவம்பர்ல தொறந்தாங்க, சுமார் 9.5 கோடி டாலர், டிசைன் சசாகி கம்பெனி. சுமார் 100 மரம், மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கற மாதிரி தளம், பசங்க விளையாட பெரிய இடம், உக்கார ஏகப்பட்ட இடம். பாதுகாப்பு காரணம் சொல்லி பல வருஷமா பூட்டி கெடந்த வடக்கு வாசலையும் தொறந்துட்டாங்க.

[திரையில: சாய்வான நடைபாதை, வீல்சேர்ல ஒருத்தர்]

எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த நடைபாதைதான். மைதானத்தோட ஒரு பக்கம் கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரீட், மறுபக்கம் காங்கிரஸ் ஸ்ட்ரீட், ரெண்டுக்கும் 26 அடி உயர வித்தியாசம். முன்னாடி இதுக்கு நடுவுல படிக்கட்டுதான், வீல்சேர்ல வர்றவங்க, தள்ளுவண்டில குழந்தைய வச்சுக்கிட்டு வர்ற அம்மா எல்லாம் சுத்திக்கிட்டு போகணும். 20 அடி நடந்தா 1 அடி இறங்கற சரிவுன்னா கைப்பிடி இல்லாமலே யாரும் சுலபமா போகலாம், அப்படின்னா 26 அடி இறங்க 520 அடி நீளம் வேணும். அவ்ளோ இடம் எங்க இருக்குன்னா, அந்த ஏழு ஏக்கர்லதான்! ஊரே திட்டுன அந்த வெட்டவெளி இங்க கை குடுத்துச்சு. ஹனோவர் ஸ்ட்ரீட் முன்னாடி அந்த வழியா ஓடுச்சு, அதனால இதுக்கு பேரே ஹனோவர் வாக்.

அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு இல்ல. மரமெல்லாம் இன்னும் சின்னது, நிழல்னு சொல்ற அளவுக்கு வர வருஷமாகும், கீழ சப்வே ஓடற எடத்துல வேருக்கு மண்ணும் குறைச்சல். கான்கிரீட்டும் அதே சாம்பல்தான், பிடிக்காதவங்களுக்கு இப்பவும் பிடிக்காது. ஆனா 2025 ஜனவரில மேயர் மிஷெல் வூ இதை பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சுட்டாங்க, இனிமே யாரும் நெனச்ச மாத்திரத்துல கை வைக்க முடியாது.

படிச்சிட்டிருந்த காலத்துல இதை வரைஞ்ச மெக்கின்னல் 2020 மார்ச்ல கோவிட்ல இறந்துட்டாரு. மைதானத்துல வேலை ஆரம்பிச்சது அந்த ஜூலைல.